தினமும் ஒரு வார்த்தை குடுத்து கவிதை எழுதறோம், எல்லாம் ஒரே கவிதையாவே வருது... என்ன பண்றது?

மழைக்காகிதம்:

வணக்கம் மக்களே. இங்க எழுதறவங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தைரியமா கேக்கறேன். நாங்க ஒரு சின்ன வாட்ஸ்அப் குரூப், காலைல ஒருத்தர் ஒரு வார்த்தை போடுவாங்க, ராத்திரிக்குள்ள எல்லாரும் அத வெச்சு ஒரு கவிதை போடணும், அவ்ளோதான் ரூல். ஆரம்பத்துல செம ஜாலியா இருந்துச்சு, எழுதறதே விட்டுப்போச்சுன்னு இருந்தவ திரும்ப பேனா புடிச்சதே இதுனாலதான். ஆனா இப்ப பழசெல்லாம் எடுத்துப் படிச்சா தலைப்பு மட்டும்தான் மாறியிருக்கு, மழைன்னு குடுத்தாலும் "நீ" வர்ற, ஜன்னல்னு குடுத்தாலும் "நீ" வர்ற, மௌனம்னு குடுத்தா கேக்கவே வேணாம். இத்தனைக்கும் அந்த "நீ" யாருன்னே எனக்குத் தெரியாது, நிஜத்துல அப்படி ஒரு ஆளே கிடையாது.

இன்னொரு பக்கம் தினம் ஏதாவது கண்ணுல படுது, எழுதணும்னு கை பரபரங்குது, எழுதினா டைரி மாதிரி வந்து நிக்குது, "இன்னிக்கு இப்படி ஆச்சு, எனக்கு கஷ்டமா இருந்துச்சு"ன்னு. அத கவிதைன்னு சொல்லவே கூச்சமா இருக்கு.

சாம்பிளுக்கு ஒண்ணு போடறேன், குடுத்த வார்த்தை தனிமை:

இரவின் மடியில்
தனிமை என்னைத் தாலாட்ட
உன் நினைவுகள்
கண்ணீராய்க் கரைகின்றன

லைக் நெறைய விழுந்துச்சு. எனக்குத்தான் ஒட்டல. தலைப்பு வெச்சு எழுதறது நல்லதா கெட்டதா, தினம் எழுதணுமா, அனுபவத்த எப்படி கவிதையாக்கறது, எதுக்கு பதில் தெரியுமோ அதுக்கு சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் ஓகே.

பழைய பேனா:

திட்ட ஒண்ணும் இல்லம்மா. கேள்வியிலயே பாதி பதில நீங்களே சொல்லிட்டீங்க, "நீ" யாருன்னு தெரியாதுன்னு. தெரியாத ஆளப் பத்தி எழுதினா எங்கேயோ படிச்ச வரிதான் வரும், வேற எங்கேர்ந்து வரும்?

தலைப்பு குடுத்து எழுதறது கெட்ட பழக்கம்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஏதோ வாட்ஸ்அப் வந்தப்புறம் கெளம்பின வியாதின்னு. அப்படிப் பாத்தா சங்க இலக்கியத்துல இருக்கற ஐங்குறுநூற என்ன சொல்றது? 5 பேர், ஆளுக்கு ஒரு திணை, திணைக்கு 100 பாட்டு, அந்த நூறும் பத்துப் பத்தா பிரிச்சு ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பேரு. மருதத்துல களவன் பத்துன்னு ஒண்ணு இருக்கு, களவன்னா நண்டு. பத்து பாட்டுலயும் நண்டு வந்தாகணும், ஓரம்போகியார் எழுதினது. எருமைப் பத்தும் அவரோடதுதான். அப்புறம் கபிலருக்குப் போனா குரங்குக்கு ஒரு பத்து, கிளிக்கு ஒரு பத்து, பன்றிக்கு ஒரு பத்து. இதத்தான் நாம இன்னிக்கு பிராம்ப்ட்னு சொல்லிட்டிருக்கோம்.

ஆனா அந்த நண்டு பத்துலயும் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒரு பாட்டுல சேத்துல ஆடிட்டு முள்ளிச்செடி வேர்ல இருக்கற பொந்துக்குள்ள போகுது. ஒண்ணுல ஆம்பல அறுக்குது. இன்னொண்ணுல நெற்கதிர இழுத்துக்கிட்டு ஈர மண்ணு வளைக்குள்ள போகுது. உள்ள ஓடற கதை வேற, வீட்டுக்காரன் இன்னொருத்தி பின்னாடி போறான், இவ இங்க மெலிஞ்சு போறா. அந்தக் கோவத்த நேரா சொல்லாம "நண்டு இப்படியெல்லாம் பண்ற ஊர்க்காரன் அவன்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க. நண்டு ஒண்ணுதான், செயல் பத்து.

உங்க குரூப்ல குடுக்கற வார்த்தையப் பாருங்க, தனிமை, மௌனம், இன்னும் கொஞ்ச நாள்ல பிரிவு, ஏக்கம் எல்லாம் வரும். இதுக்கெல்லாம் கையும் கிடையாது காலும் கிடையாது. எந்த வேலையும் செய்யத் தெரியாத வார்த்தைய நீங்க தாலாட்ட வெச்சிருக்கீங்க. குரூப்ல சொல்லி செருப்பு, சாவி, துணி கிளிப்பு, சார்ஜர்னு பொருளா குடுக்கச் சொல்லுங்க. அவங்க ஒத்துக்கலேன்னா அந்த வார்த்தைய நீங்களே வீட்டுக்குள்ள இருக்கற ஒரு பொருளா மாத்திக்கிட்டு எழுதுங்க. தனிமைங்கறது உங்க வீட்ல எந்தப் பொருள்கிட்ட இருக்கு? அத தேடிக் கண்டுபுடிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஒருவரிக்காரன்:

பழைய பேனா சார் சொன்னது சூப்பர், ஆனா நான் வேற கட்சி. தினம் எழுதறதே தேவையில்லாத வேலைங்கறது என் எண்ணம். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுத்தா "உள்ளேன் ஐயா" சொல்ற மாதிரி கவிதை சொல்லிட்டுப் போறது, அதுல யாருக்கு என்ன லாபம்? வர்றப்போ வரட்டும். நான் ரெண்டு மாசம் ஒண்ணும் எழுதாம இருப்பேன், திடீர்னு ஒரே நாள்ல நாலு வரும். அதுல ஒண்ணாவது நிக்கும். தினம் எழுதி தினம் போஸ்ட் பண்றவங்க டைம்லைன்ல போய் பாத்தா மனசு வெறுத்துடுது, முப்பது கவிதைல ஒரே நிலா முப்பது தடவ வருது. லைக் விழறதால அது தப்புன்னும் அவங்களுக்குத் தெரிய மாட்டேங்குது.

படிக்கட்டு:

ஒருவரிக்காரன் ப்ரோ, தினம் எழுதறது வேற, தினம் போஸ்ட் பண்றது வேற. நீங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு அடிக்கறீங்க. போஸ்ட் பண்ற விஷயத்துல உங்க கட்சிதான் நானும். ஆனா எழுதறது தினம் நடக்கணும், கவிதையா இல்லாட்டி பரவால்ல.

வில்லியம் ஸ்டாஃபோர்ட்னு ஒரு அமெரிக்கக் கவிஞர், விடியக்காலைல எழுந்து எழுதறத பல வருஷமா விடாம செஞ்சவர், 1993 ஆகஸ்ட்ல அவர் இறந்த அன்னிக்குக் காலைலகூட ஒரு கவிதை எழுதியிருக்காரு. எழுத வராத நாள்ல என்ன பண்ணுவீங்கன்னா, தரத்த கொஞ்சம் கீழ எறக்கிக்குவேன்னு பதில் சொன்ன ஆளு. எழுதற நேரத்துல தராசு வேணாம், அத அப்புறம் எடுத்துக்கலாம். ஏப்ரல் மாசம் 30 நாள்ல 30 கவிதைன்னு ஒரு சேலஞ்ச் நடக்குதே, 2003-ல மோரீன் தார்சன்னு ஒரு கவிஞர் ஆரம்பிச்சு வெச்சது, அதுல எனக்குப் புடிச்சதே ஒரு மாசத்தோட முடிஞ்சுடறதுதான். மே மாசம் திருத்தற மாசம். உங்க குரூப்லயும் முப்பது நாள் எழுதிட்டு கொஞ்ச நாள் கேப் விட்டுப் பாருங்க, அந்த கேப்ல பழச எடுத்து வெட்டுங்க. எழுதறதுக்கு மட்டும் குரூப் இருக்கு, வெட்டறதுக்கு எந்த குரூப்பும் இல்ல, அதான் நம்ம ஊரு பிரச்சனை.

தோழி, உங்க டைரி மேட்டருக்கு வர்றேன். நான் செய்யற வேலை இது: அன்னிக்குப் பாத்தத போன்ல நோட்ஸ்ல போட்டு வெச்சுக்குவேன், கவிதையா இல்ல, பாத்தது மட்டும். என்ன தோணுச்சுங்கறத எழுத மாட்டேன். அப்புறமா எடுத்துப் பாக்கறப்போ எனக்கே கதை மறந்திருந்தாலும் எந்த நோட்டு இன்னும் ஏதோ பண்ணுதோ அத மட்டும் எடுத்துக்குவேன். ஒரு நோட்டு அப்படியே தர்றேன்:

"லிஃப்ட்ல ஒரு பெரியவர். கண்ணாடி மறந்துட்டு வந்துட்டாராம். பட்டன கீழேர்ந்து ஒண்ணு ரெண்டுன்னு விரலால தடவி எண்றாரு. யாரும் எத்தனாவது மாடின்னு கேக்கல. நானும் கேக்கல. கதவு மூடப் போச்சு, யாரோ கைய வெச்சு தடுத்தாங்க."

இத டைரியா எழுதினா "இன்றைய மனிதர்களுக்கு இரக்கம் இல்லை"ன்னு கடைசில ஒரு தீர்ப்பு வந்திருக்கும். கவிதையா ஆனது இப்படி:

கண்ணாடி இல்லாமல் வந்தவர்
பொத்தான்களைக்
கீழிருந்து எண்ணுகிறார்
ஒன்று
இரண்டு
விரல் தவறிவிட
மறுபடி ஒன்று
மூடப்போன கதவை
ஒரு கை பிடித்திருக்கிறது
யாருடையது என்று
யாரும் பார்க்கவில்லை

பெரிய கவிதை கிடையாது, எனக்குத் தெரியும். ஆனா "நானும் கேக்கல"ங்கற வரி போயிடுச்சு பாருங்க, அதுதான் அந்த நோட்டுலயே என்னைக் குத்தின வரி. அத எடுத்ததும் குத்தறது படிக்கறவங்க பக்கம் போயிடுச்சு. டைரிலேர்ந்து கவிதைக்கு வர்ற வழில நான் கண்டுபுடிச்சது இவ்ளோதான், காரணத்தயும் தீர்ப்பயும் தூக்கிட்டு மிச்சம் நிக்குதான்னு பாக்கறது.

என் வாழ்க்கைல என்ன பெருசா நடக்குதுன்னு சிலர் கேப்பாங்க. ஜப்பான்ல மசாஒகா ஷிகின்னு ஒரு ஹைக்கூ கவிஞர், முதுகெலும்புல டிபி வந்து படுத்த படுக்கையா கெடந்தவர், 1902-ல சாகறப்போ வயசு 34. ரூம்லேர்ந்து தெரிஞ்ச தோட்டத்தயே திரும்பத் திரும்ப எழுதினாரு. வெளிய பனி எவ்ளோ ஆழம் விழுந்திருக்குன்னு எழுந்து போய் பாக்க முடியாம பக்கத்துல இருக்கறவங்கள கேட்டுக்கிட்டே இருந்ததக்கூட ஒரு ஹைக்கூவா எழுதிட்டாரு. கண்ணுல பட்டத அப்படியே வரையணும்னு பிடிவாதமா சொன்னவரும் அவருதான்.

அந்தாதி அக்கா:

லேட்டா வர்றேன். எல்லாரும் என்ன எழுதணும்னு சொல்லிட்டாங்க, நான் எப்படி மாட்டிக்கணும்னு சொல்றேன். மழைக்காகிதம், உனக்கு சுதந்திரம் ஜாஸ்தியா இருக்கு, அதான் பழகின பாதைலயே கால் போகுது. கைய கட்டிப் போட்டுப் பாரு.

நம்மகிட்ட நிரோட்டம்னு ஒரு வெளையாட்டு இருக்கு, உதடு ஒட்டாம செய்யுள் பாடறது. "யாதனின் யாதனின் நீங்கியான்"னு வர்ற குறள வாய்விட்டுச் சொல்லிப் பாரு, உதடு ஒட்டாது. சிவப்பிரகாசர்னு ஒரு புலவர் ஒரு முழு அந்தாதியே இப்படிப் பாடி வெச்சிருக்காரு, யமகத்தையும் (ஒரே எழுத்துக்கூட்டம் வேற வேற அர்த்தத்துல திரும்பத் திரும்ப வர்றது) கூட சேத்துக்கிட்டு, நமக்கு அவ்ளோ வேணாம். நீ என்ன பண்ற, ப, ம ரெண்டு வரிசையையும் ஒரு வாரத்துக்குத் தொடாத. போச்சு, மழை போச்சு, மனம் போச்சு, மௌனம் போச்சு, பிரிவு போச்சு, முத்தம் போச்சு, மரணமும் போச்சு. கவிதை எழுதறவங்க கைல எப்பவும் சிக்கற சரக்குல பாதி அந்த ரெண்டு எழுத்துலதான் இருக்கு, ஏன்னு தெரியல, ஆனா இருக்கு. உன் சாம்பிள்ல "மடி"யும் "தனிமை"யும் அடிபட்டுடும். கண்ணீர் தப்பிச்சிடும், சரி விடு, அத பழைய பேனா பாத்துக்குவாரு.

இது நம்ம ஆளுங்க மட்டும் பண்ண கூத்து இல்ல. ஃபிரான்ஸ்ல 1960-ல ஊலிப்போன்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க, எழுத்தாளர்களும் கணக்கு தெரிஞ்சவங்களும் சேந்து, கட்டுப்பாடு வெச்சுக்கிட்டு எழுதறதுதான் அவங்க வேலையே. அதுல ஜார்ஜ் பெரெக்னு ஒருத்தர் 1969-ல "e"ங்கற எழுத்தே இல்லாம, அவங்க மொழில அதிகமா வர்ற எழுத்து அது, ஒரு முழு நாவல எழுதி முடிச்சாரு.

தினம் எழுதறது விட்டுப்போகாம இருக்க ஒரு வழி, அதையும் சொல்லிடறேன். நேத்து எழுதினதோட கடைசி வார்த்தைல இன்னிக்கு ஆரம்பி. அந்தாதிதான், வேற ஒண்ணும் இல்ல. காலைல குரூப்ல என்ன வார்த்தை வந்தாலும் உனக்கு நேத்தைய வார்த்தை ஒண்ணும் கைல இருக்கும், ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது, அந்த ரெண்டையும் எப்படி ஒரே கவிதைல உக்கார வெக்கறதுன்னு யோசிக்கறப்போதான் புதுசா ஏதாவது கெளம்பும். சமயத்துல ஒண்ணும் கெளம்பாது. பரவால்ல, மறுநாளைக்கு ஒரு வார்த்தையாவது மிஞ்சும்.

ஒருவரிக்காரன்:

அக்கா, ப ம இல்லாம இந்த கமெண்ட் எழுதலாம்னு பாத்தேன், "ப"ய எடுத்தா "படிக்கட்டு"ன்னு கூப்பிட முடியல, "ம"வ எடுத்தா கேள்வி கேட்டவங்களயே கூப்பிட முடியல. தோத்துட்டேன். ஆனா இது நல்ல சித்ரவதை, நான் எடுத்துக்கறேன்.

படிக்கட்டு சொன்ன "எழுதறது வேற, போடறது வேற" ஓகே, ஒத்துக்கறேன். அந்த ஏப்ரல் கணக்கு எனக்கு செட் ஆகலாம். வருஷம் பூரா முடியாது சாமி.

மழைக்காகிதம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கவே இல்ல. பழைய பேனா சார் சொன்னபடி தனிமை எந்தப் பொருள்கிட்ட இருக்குன்னு வீட்ட சுத்தி வந்தேன், என் ஃப்ளாட்மேட் வேற ஊருக்கு வேலை மாறிப் போனப்போ சாவிய குடுத்துட்டுப் போனா, அது கொக்கில தொங்குது. அங்கேர்ந்து ஆரம்பிச்சேன். ப ம ரூல் இதுல இல்ல அக்கா, அது அடுத்த வாரம்.

இரண்டு சாவிகள் செய்தோம்
ஒன்று கொக்கியில் தொங்குகிறது
நானே பூட்டுகிறேன்
நானே திறக்கிறேன்
அழைப்புமணியில்
பேட்டரி தீர்ந்திருக்கிறது
எப்போதிலிருந்து என்று
தெரியவில்லை
தனிமை வலிக்கிறது

எப்படி இருக்கு? நெஜமாவே சொல்லுங்க, லைக் போட்டு அனுப்பிடாதீங்க.

பழைய பேனா:

"நீ" காணோம், பாத்தீங்களா! கடைசி வரிய எடுத்துடுங்க, அதுக்கு முன்னாடியே கவிதை முடிஞ்சுடுச்சு. "எப்போதிலிருந்து என்று தெரியவில்லை"ன்னதும் எத்தன நாளா யாரும் வந்து மணியே அடிக்கலைன்னு புரியுது, அதுக்கு மேல வலிக்கிறதுன்னு சொன்னா படிக்கறவன் செய்ய வேண்டிய வேலைய நீங்க செஞ்சுடறீங்க.

படிக்கட்டு:

நான் இன்னும் கொஞ்சம் மேல போறேன். சாவி நல்லாதான் இருக்கு, ஆனா ரெண்டு சாவில ஒண்ணு தொங்கறது யாருக்கும் தோணக்கூடிய விஷயம். பேட்டரி தீந்துபோன மணிதான் உங்களோடது. அது எப்படி தெரிய வந்துச்சு உங்களுக்கு?

மழைக்காகிதம்:

அது வந்து, கூரியர்காரர் போன் பண்ணி "எவ்ளோ நேரமா மணி அடிக்கறேன் மேடம்"னு சொன்னாரு. போய் நானே வெளிய நின்னு அழுத்திப் பாத்தேன், சத்தம் வரல.

ஒருவரிக்காரன்:

இத எழுதாம எங்க வெச்சிருந்தீங்க??? சொந்த வீட்டு வாசல்ல வெளிய நின்னு தானே மணி அடிச்சுப் பாக்கறது! சாவிய தூக்கிப் போடுங்க, நானே பூட்டுகிறேன் நானே திறக்கிறேன் எல்லாம் தூக்கிப் போடுங்க, இதான் கவிதை.

அந்தாதி அக்கா:

ஆமா. சாவிய தூக்கிப் போட வேணாம், தனியா எடுத்து வை, அது வேற ஒரு நாளைக்கு உதவும். கூரியர்காரர் வேணுமா வேணாமான்னு எழுதிப் பாத்து முடிவு பண்ணு, என்னக் கேட்டா வேணாம். வெளிய நின்னு அழுத்தறதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். "நான்"னு ஒரு தடவகூட சொல்லாம முடியுதான்னும் பாரு.

மழைக்காகிதம்:

இப்போதைக்கு இவ்ளோதான் வந்துச்சு:

சொந்த வாசலில்
வெளியே நின்று
மணியை அழுத்திப் பார்க்கையில்
உள்ளே சத்தமில்லை
எப்போதிலிருந்து என்று
தெரியவில்லை

இன்னும் ஒரு வரி கொறையுதா ஜாஸ்தியா இருக்கான்னு புரியல. இன்னொரு டவுட், எங்க குரூப் ரூல்படி குடுத்த வார்த்தை கவிதைக்குள்ள எங்கயாவது இருந்தாகணும். இதுல தனிமைங்கற வார்த்தையே இல்லையே?

படிக்கட்டு:

குரூப்ல போடறப்போ மேல தலைப்பா தனிமைன்னு வெச்சு ரூல முடிச்சுடுங்க. உங்க நோட்ல சேவ் பண்றப்போ அத எடுத்துட்டு "அழைப்புமணி"ன்னு போட்டுக்கோங்க. வரி கொறையுதா ஜாஸ்தியாங்கறத இப்ப பாக்காதீங்க, அடுத்த மாசம் பாருங்க.

பழைய பேனா:

நான் ஒண்ணு கேக்கறேன், "சொந்த"ங்கற வார்த்தை வேணுமா அங்க? வாடகை வீடுன்னுதான நெனைக்கறேன்.

மழைக்காகிதம்:

வாடகைதான் சார், ஹாஹா. "பூட்டாத வாசலில்"னு மாத்திப் பாக்கறேன். நாளைக்கு வார்த்தை போடற முறை என்னோடது, துணி கிளிப்புன்னு போடப் போறேன், குரூப்ல என்ன நடக்குதுன்னு வந்து சொல்றேன்.